சண்முகக்கனி வீட்டுக் கூரை

ஆகஸ்ட் 18, ஞாயிறு

முதல் நாள் படப்பிடிப்பு முடிந்தது. திருநெல்வேலியில் விடிந்தும் விடியாமலும் பஸ் ஏறி, இன்னொரு பஸ் மாறி மேலப்புதுக்குளம் போய்ச் சேர்வதற்குள் ராபின்சன் தூங்கித் தூங்கி என் தோளில் விழுந்தான். அவன்தான் கேமரா. இயக்கம் நான். மைக்கைப் பிடிப்பதும் நானே. வகுப்பில் மற்ற எல்லோரும் குறும்படம் எடுக்கப் போய்விட்டதால் எங்கள் ஆவணப்படத்துக்கு வேறு ஆள் சேரவில்லை.

போன மார்கழியில் ஆறு உடைத்துக்கொண்டு வந்தபோது இந்த ஊரின் கீழக் காலனியில் பாதி வீடுகள் போய்விட்டன. கிடைத்த உதவி சுவர் எழுப்பவே போதவில்லை. மேலத்தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அரியநாயகம் அண்ணாச்சி ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீடுகளுக்குக் கூரை போட்டுக் கொடுக்கிறார். ஒரு பஸ் கண்டக்டர், ஒரு டிராயிங் மாஸ்டர், ஒரு உரக்கடைக்காரர் எல்லாம் அதில் உண்டு. எல்லோரும் மேலத்தெரு. மேலத்தெருக்காரர்கள் காலனிக்குள் வந்து சாந்துச் சட்டி தூக்குவது இதுவே முதல்முறை என்று எங்கள் பேராசிரியர் டெல்பின் மேடத்திடம் சொன்னபோது, "இதுதான் படம்" என்று மேசையைத் தட்டினார்.

இன்று லாசர் என்பவர் வீடு. அண்ணாச்சிக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். வெல்டிங் பொறி பட்டுப் பட்டு முன்கை முழுக்கப் புள்ளி. என்னைப் பார்த்ததும், "வாங்க தங்கச்சி, எங்க மூஞ்சியெல்லாம் படத்துல நல்லாவா இருக்கும்? வீட்ட எடுங்க" என்றார். பிடித்துவிட்டது.

லாசர் வீட்டம்மா கடுங்காப்பி கொண்டுவந்தார். ராபின் குடித்தான். நான் வேண்டாம் என்றேன். வெயிலில் சூடாக எதைக் குடித்தாலும் எனக்குத் தலை வலிக்கும்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மெமரி கார்டை விடுதியிலேயே வைத்துவிட்டேன். ஒரு நாள் பாழ். ராபின் திரும்பி வரும்போது வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான்.

செப்டம்பர் 1, ஞாயிறு

படத்தின் கதாநாயகி கிடைத்துவிட்டார். சண்முகக்கனி. காலனியின் கடைசி வீடு. கணவர் தங்கராசு வாழைத்தோட்டத்தில் தார் வெட்டப் போகிறார். மகள் அனுசியா ஒன்பதாவது படிக்கிறாள். வெள்ளத்தில் வீட்டின் சுவர் நின்றுவிட்டது. ஆனால் ஓடு தாங்கும் மரமெல்லாம் ஊறி உளுத்துவிட்டது. அடுத்து இந்தக் கூரைதான்.

கேமராவை உள்ளே கொண்டுபோக அக்கா லேசில் சம்மதிக்கவில்லை.

"படத்த யாரு பாப்பா?"

"காலேஜ்ல பாப்பாங்க. அப்புறம் போட்டிக்கு அனுப்புவோம்."

"போட்டியா? யாரு வீடு ரொம்ப மோசமா இருக்குன்னா?"

ராபின் சிரித்துவிட்டான். அக்காவும் சிரித்தார். பிறகு சொன்னார்: "எடுங்க. எம்பிள்ளயப் பாத்து நாளைக்கு ஒருத்தரும் சிரிக்கப்படாது. அது மட்டுந்தான்."

நன்றாகப் பேசுகிறார். வெள்ளத்துக்கு முந்தைய வீட்டின் ஒவ்வொரு மூலையையும் சொல்லிக் காட்டினார். தண்ணீர் வடிந்த கோடு இன்னும் சுவரில் இருக்கிறது, என் கழுத்து உயரத்துக்கு.

மதியம் எங்களைச் சாப்பிடச் சொன்னார். சாளைமீன் குழம்பு. ராபின் இரண்டு தட்டு சாப்பிட்டான். அம்மா இந்த வாரம் ஊரிலிருந்து வந்திருந்தபோது கட்டிக்கொடுத்த புளிசாதம் என் பையில் இருந்தது, கெட்டுப்போய்விடும் என்பதால் அதைச் சாப்பிட்டேன். பஸ் ஏறும்போது அம்மா வழக்கம்போல, "கண்ட எடத்துல வாங்கிச் சாப்பிடாத" என்று சொல்லியிருந்தாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

அரியநாயகம் அண்ணாச்சியின் பேட்டி. காலனி நூலகத்தின் மொட்டைமாடியில் வைத்து எடுத்தோம். இடம் அவரே சொன்னது.

வெள்ளம் வந்த அன்று அவர் இந்த நூலகத்துக்கு ஜன்னல் கம்பி வைக்க வந்திருக்கிறார். கண் மூடித் திறப்பதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. காலனியில் இது ஒன்றுதான் கான்கிரீட் கட்டிடம். எல்லோரும் மாடிக்கு ஏறிவிட்டார்கள். அவர்களோடு இவரும்.

"ரெண்டு நாளு இங்கனதான் கெடந்தேன். அன்னைக்கே நெனச்சேன், தண்ணி வடிஞ்சா இவங்களுக்கு ஏதாவது செய்யணும்னு."

"சாப்பாட்டுக்கு என்ன செஞ்சீங்க?"

"சாப்பாடு எங்க? மழத்தண்ணியக் குடிச்சிக்கிட்டு கெடந்தேன். பட்டினிதான்."

அதைச் சொல்லும்போது அவர் கேமராவைப் பார்க்காமல் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். அந்த இடம் படத்தில் அருமையாக இருக்கும்.

செப்டம்பர் 14, சனி

கல்லூரி எடிட்டிங் அறையில் இதுவரை எடுத்ததை எல்லாம் போட்டுப் பார்த்தோம். ராபின்தான் ஒரு இடத்தில் நிறுத்தினான்.

"இங்க பாரு."

லாசர் வீட்டுச் சுவர். அதன் மேல் ஒரு டம்ளர். பின்னால் அண்ணாச்சி வேலை செய்கிறார். ராபின் ஓட்டினான். வெயில் சுவரில் நகர்கிறது, டம்ளர் அப்படியே இருக்கிறது. கடைசியில் லாசர் வீட்டம்மா வந்து, அதை எடுத்து, வேலியோரம் கொட்டிவிட்டுப் போகிறார்.

அடுத்தது கனியக்கா வீடு, கூரைக்கு அளவெடுக்க வந்த அன்று எடுத்தது. அங்கேயும் அண்ணாச்சிக்கென்று வைத்த டம்ளர் அப்படியே ஆறிக் கிடக்கிறது. அவர் மட்டுமில்லை. கண்டக்டர், டிராயிங் மாஸ்டர், உரக்கடைக்காரர் யாருமே குடிக்கவில்லை. எல்லோர் பக்கத்திலும் அவரவர் வீட்டுத் தண்ணீர் பாட்டில். மதியம் மேலத்தெருவிலிருந்து சைக்கிளில் சாப்பாட்டு வாளி வருகிறது. நாங்கள் அதைக்கூட அழகான காட்சி என்று எடுத்து வைத்திருந்தோம்.

"கூரை போடுவாங்க, குடிக்கமாட்டாங்க" என்றேன். கோபமாக வந்தது. "இதத்தான் நாம கேக்கணும். மூஞ்சிக்கு நேரா."

ராபின் இன்னொரு காட்சியை ஓட்டினான். மைக்கைப் பிடித்தபடி நான் ஓரத்தில் நிற்கிறேன். கனியக்கா டம்ளரை நீட்டுகிறார். நான் தலையை ஆட்டிக்கொண்டே ஒரு அடி பின்னால் போகிறேன்.

"அப்போ ஒன்னையும் கேக்கணும்லா?" என்றான்.

எனக்குத் தலைவலி வரும் என்பது அவனுக்கே தெரியும். எதையும் பெரிதாக்கிப் பேசுவது அவன் வழக்கம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

மாதாந்திரத் தேர்வுக்குப் படிக்க வேண்டியிருந்ததால் போகவில்லை. கனியக்கா வீட்டு ஓடுகளை இறக்குகிறார்கள் என்று லாசர் அண்ணன் போனில் சொன்னார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

கனியக்கா வீட்டில் ஓடு, சட்டம், கைமரம் எல்லாவற்றையும் இறக்கிவிட்டார்கள். நான்கு சுவரும் வானமும்தான். இரும்புப் பைப் சட்டம் வைத்து, அதன் மேல் ஷீட் போட வேண்டும். பாதிச் சட்டம் வெல்டு ஆகியிருந்தது. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி வியர்வை துடைத்துக்கொண்டிருந்தார். கனியக்கா வைத்துவிட்டுப் போன டம்ளர் ஜன்னல் திட்டில் இருந்தது.

ராபினைக் கேமராவை ஓட்டச் சொல்லிவிட்டுக் கேட்டேன். "அண்ணாச்சி, இவ்வளவு நாளா வேல செய்றீங்க. இங்க ஒரு வீட்டுலயும் நீங்க ஒரு வாய் காப்பி குடிச்சதில்லையே, ஏன்?"

எல்லோருக்கும் கேட்டது. வாசலில் நின்ற கனியக்காவுக்கும் கேட்டது.

அண்ணாச்சியின் முகம் வெளிறிப்போனது. "கேமராவ அணைங்க" என்றார். ராபின் அணைத்துவிட்டான். உரக்கடைக்காரர்தான் சத்தம் போட்டார். "சும்மா வந்து செய்யுதோம்லா, அதான் இந்தப் பேச்சு. ஏ, எல்லாத்தையும் எடுத்து வண்டில போடுங்கல." அண்ணாச்சி யாரையும் பார்க்கவில்லை. வெல்டிங் வயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மற்றவர்களும் போய்விட்டார்கள்.

மேலே பாதிச் சட்டம். அதற்கு மேல் மேகம்.

கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டேன். டெல்பின் மேடமும் அப்படித்தான் சொல்வார்.

செப்டம்பர் 25, புதன்

சாயந்தரம் நல்ல மழை. விடுதி ஜன்னலை மூடிவிட்டு வந்து படுத்தேன்.

செப்டம்பர் 26, வியாழன்

வகுப்புக்குப் போகாமல் தனியாக மேலப்புதுக்குளம் போனேன்.

கனியக்கா வீட்டுக்குள் கணுக்கால் அளவு சேறு. தார்ப்பாய் ஒன்றைக் கட்டியிருந்தார்கள், காற்று அதைக் கிழித்துவிட்டது. வடக்குச் சுவரின் மேல் வரிசை கரைந்து இறங்கியிருந்தது. அனுசியாவின் புத்தகங்கள் நூலக வாசலில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப் போட்டிருந்தன. குடும்பம் இப்போது நூலகத்தில்தான் தங்கியிருக்கிறது.

அக்கா என்னை உட்காரச் சொல்லவில்லை. மண்வெட்டியால் சேற்றை வழித்துக்கொண்டே பேசினார்.

"நான் ஒங்கிட்ட வந்து சொன்னனா பிள்ள, அவரு குடிக்க மாட்டங்காருன்னு?"

"இல்லக்கா. ஆனா அது தப்புதானே?"

"தப்புன்னு எனக்குத் தெரியாதா? நாங்க பாக்காததையா நீ கேமராவுல பாத்துட்ட? பொறந்ததுலேர்ந்து பாக்கோம். ஒனக்குப் படம். எனக்குக் கூரை. அதப் பிரிச்சுப் போட்ட அன்னைக்கா கேப்ப?"

அக்கா மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கரைந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்.

"அந்த ரெண்டு நாளும் மாடில என்ன நடந்துச்சுன்னு தெரியுமா ஒனக்கு?"

"அவரு பட்டினியா இருந்தேன்னு சொன்னாரு."

"பட்டினியா?" அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா சொன்னாரு? ஏ பிள்ள, எங்கையாலதான் சாப்பிட்டாரு. ஊறுன அரிசி ஒரு மூட்ட கெடந்துச்சு, லைப்ரரி நாற்காலிய ஒடச்சி அடுப்பெரிச்சிப் பொங்குனேன். எல்லாரும் ஒரே சட்டியச் சுத்தி உக்காந்து தின்னோம். ரெண்டாந்தரம் கேட்டு வாங்குனாரு. 'கனி, இன்னும் கொஞ்சம் வைய்யி'ன்னு. எனக்குச் சந்தோசமா இருந்துச்சு பாத்துக்கிடு, அந்தக் கஷ்டத்துலயும். பொறவு தண்ணி வடிஞ்சிது. கூடவே எல்லாம் வடிஞ்சி போச்சு."

மண்வெட்டியை மறுபடி எடுத்துக்கொண்டார்.

"அந்தச் சோத்துக்குத்தான் இந்தக் கூரை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு மண்வெட்டி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். சட்டியில் சேற்றை அள்ளி வெளியே கொட்டினேன். அக்கா அடுத்த சட்டிக்கு வழித்துக் குவித்துக்கொண்டே போனார்.

செப்டம்பர் 28, சனி

மேலத்தெருவுக்குப் போனேன். அண்ணாச்சியின் வீடும் பட்டறையும் ஒட்டினாற்போல் இருக்கின்றன. அவர் இரும்பு வாங்கப் போயிருந்தார். அவருடைய அம்மா உள்ளே கூப்பிட்டு ஊஞ்சலில் உட்கார வைத்தார்.

"எந்த ஊரும்மா ஒனக்கு?"

சொன்னேன்.

"அங்கன எந்தத் தெரு?"

அதையும் சொன்னேன்.

"அட, நம்ம பிள்ளதானா" என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போய்க் காப்பி கொண்டுவந்தார். நல்ல காப்பி. டம்ளர் காலியான பிறகுதான் வெளியே வெயில் கொளுத்துவதைக் கவனித்தேன்.

அண்ணாச்சி வந்தார். பட்டறைக்குப் போய்ப் பேசினோம். அவரால் கனியக்கா வீடு என்ன நிலையில் இருக்கிறது என்பதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. கையிலிருந்த கம்பியை வைத்துவிட்டு எடுத்தார், மறுபடி வைத்தார்.

"மாடில சாப்பிட்டீங்களாமே" என்றேன்.

பட்டறை வாசல்வரை போய், யாரும் இல்லையென்று பார்த்துவிட்டு வந்தார். பிறகு உள்வீட்டைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"தண்ணி வடிஞ்சி வீட்டுக்கு வாறேன். எங்கம்மா வாசல்லயே நின்னா. உசுரோட வந்தியான்னு கேக்கல தங்கச்சி. 'அங்கன என்னத்தல சாப்பிட்ட'ன்னுதான் மொதல்ல கேட்டா. ஒண்ணும் சாப்பிடலம்மா, பட்டினின்னேன். ஊர்ல எல்லாரும் கேட்டான். எல்லாருகிட்டயும் அதத்தான் சொன்னேன். சொல்லிச் சொல்லி அதுவே நெசமாப் போச்சு."

"இப்பக் குடிச்சா என்ன?"

"நான் குடிக்கேன்னு வையுங்க. கூட வாற அத்தன பேரும் பாப்பான். அடுத்த ஞாயித்துக்கெழம ஒருத்தன் வரமாட்டான். கூரை போடணுமா வேண்டாமா?"

அது உண்மையாகவும் இருக்கலாம். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்கும் இடத்தில் நான் இல்லை என்று தோன்றியது. ஏன் என்று இங்கே எழுத விருப்பமில்லை.

"நாளைக்கு வாங்க அண்ணாச்சி. கேமரா வராது."

"அவ மூஞ்சில எப்படி முழிக்க?" என்றார். வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

வந்தார்.

நாங்கள் போனபோது அவர் ஏற்கெனவே சட்டத்தின் மேல் உட்கார்ந்து பற்றவைத்துக்கொண்டிருந்தார். கண்டக்டரும் டிராயிங் மாஸ்டரும் கீழே. உரக்கடைக்காரரையும் மற்றவர்களையும் காணவில்லை. தங்கராசு அண்ணன் தோட்டத்துக்குப் போகாமல் நின்று சுவரின் கரைந்த வரிசையைக் கட்டினார். லாசர் அண்ணனும் காலனி ஆட்கள் நாலைந்து பேரும் வந்தார்கள். ராபின் கேமராவைப் பையோடு நூலக அலமாரியில் வைத்துப் பூட்டினான். இருவரும் ஷீட் தூக்கினோம். என் உள்ளங்கையில் இரண்டு இடத்தில் தகரம் கீறியது.

யாரும் அதிகம் பேசவில்லை. "அங்கன பிடி", "விடு", "பாத்து", அவ்வளவுதான்.

பாதி வேலையில் கனியக்கா தட்டில் கடுங்காப்பி கொண்டுவந்தார். முதலில் தங்கராசு அண்ணனுக்கு. லாசர் அண்ணனுக்கு. ராபினுக்கு. பிறகு என் முன்னால் வந்து நின்றார். எடுத்துக்கொண்டேன். கருப்பட்டி தூக்கலாக இருந்தது. தலை வலிக்கவில்லை.

டிராயிங் மாஸ்டருக்கு நீட்டினார். அவர் அண்ணாச்சியைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், எடுத்துக் கொஞ்சமாகக் குடித்தார். கண்டக்டர் தன் பாட்டிலைக் காட்டினார். அக்கா தலையாட்டிவிட்டுத் தட்டோடு உள்ளே போனார். ஏணியிலிருந்து இறங்கி வந்து நின்ற அண்ணாச்சியிடம் போகவில்லை.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு வாசலுக்குப் போய்க் கேட்டார்.

"எனக்கு இல்லியாம்மா?"

கனியக்கா வெளியே வந்தார். கோபமே இல்லாத முகம்.

"ஒங்களுக்குப் போடல அண்ணாச்சி. வச்சி வச்சிக் கொட்டுனது போதும்னு தோணிச்சு."

"சரிம்மா" என்றார். ஏணியில் ஏறினார். கடைசி ஷீட்டைப் போட்டு முடிக்கும்வரை இறங்கவில்லை.

போகும்போது அக்கா அவர் பின்னால் கொஞ்ச தூரம் நடந்து போய், "கூரை நல்லாருக்கு அண்ணாச்சி" என்றார். அவர் திரும்பிக் கும்பிட்டார்.

இதில் எதையும் நாங்கள் படம் பிடிக்கவில்லை. ராபின் பஸ்ஸில், "போச்சே" என்றான். கொஞ்சம் கழித்து, "பரவால்ல" என்றான்.

அக்டோபர் 13, ஞாயிறு

இரண்டு வாரமாக எடிட்டிங். டம்ளர்களை எல்லாம் படத்தில் வைத்துவிட்டேன். லாசர் வீட்டுச் சுவர், கனியக்கா வீட்டு ஜன்னல் திட்டு. நான் பின்னால் ஒரு அடி எடுத்து வைக்கும் காட்சியும் இருக்கிறது. அதை வைக்கலாமா என்று ராபினிடம் கேட்கவில்லை.

டெல்பின் மேடத்துக்குக் காட்டும் முன்னால் லேப்டாப்பைக் கனியக்கா வீட்டுக்குக் கொண்டுபோனோம். புதுக் கூரைக்குக் கீழே மூவரும் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தார்கள். டம்ளர் வரும் இடங்களில் தங்கராசு அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா கடைசிவரை கண்ணெடுக்காமல் பார்த்தார். என் காட்சி வந்தபோது ஒரு தரம் திரும்பி என்னைப் பார்த்தார்.

முடிந்ததும், "ஒண்ணே ஒண்ணு எடுத்துரணும்" என்றார்.

எதைச் சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

"அனுசியா பாவாட ஒண்ணு கொடில காயுது பாரு, கிழிஞ்சது. அது வேண்டாம். பிள்ளைக ஸ்கூல்ல கேலி செய்யும்."

"எடுத்துர்றேன்க்கா. அந்த டம்ளரு…"

"அது கெடக்கட்டும். அது எனக்கு வெக்கம் இல்லியே."

பாவாடைக் காட்சியை அங்கேயே உட்கார்ந்து நீக்கினேன். அனுசியா பக்கத்தில் வந்து நின்று, போய்விட்டதா என்று பார்த்துக்கொண்டாள்.

பிறகு பட்டறைக்குப் போய் அண்ணாச்சிக்கும் போட்டுக் காட்டினோம். பேட்டியில் தன் குரல் "பட்டினிதான்" என்று சொன்ன இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் முறை கேட்டுவிட்டு, "அடுத்த ஞாயித்துக்கெழம கேமராவ எடுத்துட்டு வீட்டுக்கு வாங்க" என்றார். எதற்கென்று சொல்லாமல் வேலைக்குத் திரும்பிவிட்டார். படத்தை நிறுத்தச் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

பட்டறையில் எடுக்கலாம் என்று விளக்கைப் பொருத்தப் போனான் ராபின். அண்ணாச்சி வேண்டாம் என்றார். வீட்டுக்குள் கூட்டிப்போய், அடுப்படிக் கதவுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உள்ளே அவர் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கேள்வியத் திரும்பக் கேளுங்க தங்கச்சி."

எந்தக் கேள்வி என்று நான் கேட்கவில்லை. "மாடில இருந்தப்போ சாப்பாட்டுக்கு என்ன செஞ்சீங்க?"

"சாப்பிட்டேன்" என்றார். உள்ளே கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னார். "காலனியில சண்முகக்கனி பொங்குன சோறு. ரெண்டு நாளும் அதான். ஒரே சட்டியில எல்லாரோடயும் உக்காந்து சாப்பிட்டேன். பசி தாங்காம ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். வெளிய வந்து பட்டினின்னு சொன்னது பொய். அந்தச் சோறு இல்லன்னா நான் இன்னைக்கு இல்ல."

அடுப்படியில் கீரை உருவும் சத்தம் நின்றுவிட்டது. அவர் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். உரக்கடைக்காரர் இனி அவரோடு பேச்சே வைத்துக்கொள்ள மாட்டாராம், இதைக் கேட்டால் இன்னும் யார் யாரோ. அதையெல்லாம் யோசித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தது.

அம்மா எழுந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் இன்னும் கீரைக் காம்பு. மகனைப் பார்த்தார். எங்களைப் பார்க்கவே இல்லை. திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"கொழம்பு என்னல வச்சா?" என்றார்.

"கொழம்பு ஏதும்மா. வெறுஞ்சோறும் உப்புந்தான்."

அம்மா நிலைப்படியை விடவில்லை. "வெறுஞ்சோறா" என்று உதடு மட்டும் அசைந்தது. ராபின் என்னைப் பார்த்தான். நிறுத்து என்று நான் சொல்லவில்லை, அவனும் நிறுத்தவில்லை.